இடைவெளிக்குப் பின் வந்த பெயர்

அத்தியாயம் 11

ஒரு வாரமாக ஆர்லீதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பின்னே இருக்காதா? அப்பாவின் முகத்தைப் படத்தில் மட்டுமே பார்த்த பெண் அவள். அவள் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே, மார்ச் மாத மழையில் நெடுஞ்சாலையில் கார் புரண்டு அப்பா லவான் பெட்டிஸ் போய்ச் சேர்ந்துவிட்டார். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து ராப் ரசிகர்களுக்கு அவர் 'டீக்கன் டஸ்க்'. சாவும் இருட்டும்தான் அவர் பாட்டு. வீட்டு முன்னறையிலேயே பதிந்து, கேசட்டாக்கி, தம்பி ஆல்டன் வேலை பார்த்த கார் ஸ்டீரியோ கடையில் வைத்து விற்றவர்.

அவர் பதிந்தும் வெளியிடாமல் போன 'மூடுபனி ஞாயிறு' என்ற கேசட்டை உலகமே இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது. உலகம் என்றால், இணையத்தில் 'டேப் வேட்டை' என்ற குழுவில் குடியிருக்கும் சில ஆயிரம் பேர். அவர்களுக்கு வேறு உலகம் கிடையாது.

அந்தக் கேசட்தான் போன வாரம் குழுவில் வந்து விழுந்தது. 'உள்பாக்கெட்' என்று பேர் வைத்துக்கொண்ட புது ஆள் ஒருவர் வணக்கம்கூடச் சொல்லாமல் மொத்தத்தையும் ஏற்றிவிட்டுக் காணாமல் போனார். அந்தக் காலத்தில் ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் வைத்துத்தான் தெருவில் டேப் விற்பார்கள், அந்த நினைப்பில் வைத்த பேர் போலிருக்கிறது என்று ரசிகர்கள் பேசிக்கொண்டார்கள். கேசட்டின் கடைசியில், வழக்கம்போல வேண்டியவர்கள் பேரை வரிசையாகச் சொல்லி வாழ்த்தும் இடத்தில், அப்பாவின் கரகரத்த குரல் சொன்னது: "என் ஆர்லீதா."

மார்ச்சில் செத்தவர், ஜூலையில் பிறந்தவள் பேரைச் சொல்கிறார்.

அந்தப் பேர் வந்த கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பிரசவ வார்டில் அன்று வேலையில் இருந்த நர்ஸ் பேர் ஆர்லீதா. பெரிய கைகள், வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பாளாம். அவள் தூக்கியதும் குழந்தை அழுகையை நிறுத்தியது, அந்த நிமிஷமே பேர் முடிவாகிவிட்டது என்று ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா கேட்ரிஸ் சொல்வாள்.

பயந்திருக்க வேண்டியவள் சந்தோஷப்பட்டாள். எப்படியோ அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஆறு மாத வயிற்றைத் தடவியபடி அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். கணவன் கென்யனிடம் மட்டும் சொன்னாள். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. அப்பாவின் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் அன்று முழுக்க அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசும்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு இந்தச் சனிக்கிழமை காலை வரைதான் என்று அவளுக்குத் தெரியாது.

*

சனிக்கிழமை காலை என்றால் குழுவில் வினாடி வினா. கேள்வி கேட்பது அட்மின் 'ரிவைண்ட்', அதாவது ஆர்லீதா. டீக்கன் டஸ்க்கின் மகள்தான் ரிவைண்ட் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் மாலை போட்டே மூச்சை அடைத்துவிடுவார்கள் என்று அவள் சொல்லிக்கொள்ளவில்லை.

இரவு ஷிப்ட் முடித்து வந்த கென்யன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். அவள் சமையலறையில் உட்கார்ந்து கேள்வியைத் தட்டினாள். டீக்கன் டஸ்க்கின் முதல் கேசட்டில் பின்னால் குரைக்கும் நாயின் பேர் என்ன?

கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. "பிரெசிடென்ட். தம்பி ஆல்டனோட நாய். வலது கண்ணு தெரியாது." எழுதியவர் லார்ஸ். நார்வேயில் பல் டாக்டர். மெம்பிஸ் மண்ணை மிதித்ததே இல்லை.

"நாய்க்கு எந்தக் கண்ணு தெரியாதுன்னு யாருய்யா கேட்டா?" என்றார் ஒருவர்.

"மார்க் எக்ஸ்ட்ரா போடுங்க அட்மின்," என்றார் லார்ஸ். "அதோட, மூடுபனி ஞாயிறை நான் சுத்தம் பண்ணிக் குடுத்ததுக்கும் சேர்த்து."

அது உண்மை. உள்பாக்கெட் ஏற்றியது ஒரே இரைச்சல். லார்ஸ் அதைக் கழுவித் துடைத்துப் போட்ட பிறகுதான் ஆர்லீதா உள்பட அநேகமாக எல்லோரும் கேட்டார்கள்.

அப்போது 'லாமர் லேடி' உள்ளே வந்தாள். மெம்பிஸின் லாமர் அவென்யூவில் அந்தக் கேசட்டுகளைச் சுடச்சுட வாங்கிய தலைமுறை. அதிகம் பேசமாட்டாள், பேசினால் சபை அடங்கும்.

"டாக்டர் தம்பி, கடைசியில ஒரு இடைவெளி இருந்துதே. அத என்ன பண்ணினே?"

"அதுவா மேடம்? அங்க டேப் பழுது. பாட்டும் இல்ல, பேச்சும் இல்ல, ஏதோ கிரீச் கிரீச்னு ஒரு சத்தம் மட்டும். வெட்டி ஒட்டிட்டேன். ஒட்டினதே தெரியல, பாத்தீங்களா?"

"பழுதுன்னு உனக்கு யாரு சொன்னது? பிடுங்கறதெல்லாம் பல்லோட நிறுத்திக்கோ தம்பி. செத்தவங்களையும் இருக்கிறவங்களையும் ஒரே பந்தியில உக்கார வச்சுட்டியே."



"புரியலையே மேடம்," என்றார் லார்ஸ்.

"டீக்கன் டஸ்க் பேர் சொல்றதுக்கு ஒரு முறை வச்சிருந்தான். இருக்கிறவங்க பேரு முதல்ல. அப்புறம் எதுவும் பேசாம ஒரு இடைவெளி விடுவான். அதுக்குப் பின்னாடி வர்ற பேரெல்லாம் போய்ச் சேர்ந்தவங்க. எல்லா டேப்லயும் அப்படித்தான். போய்க் கேளு."

"ஐயோ. மன்னிச்சுக்குங்க. இப்பவே சரி பண்றேன்."

"அப்போ இதுல செத்தவங்க யாரு யாரு?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒரே பேருதான்," என்று எழுதினாள் லாமர் லேடி. "ஆர்லீதா."

அதற்குப் பிறகு திரை நிற்கவில்லை. யார் அந்த ஆர்லீதா? காதலியா? எப்படிச் செத்தாள்? எந்தக் கல்லறை? வேட்டைக்காரர்களுக்குப் புது இரை கிடைத்துவிட்டது. ஒருவர் அவளையே கூப்பிட்டுக் கேட்டார்: "ரிவைண்ட், உங்களுக்குத் தெரியாத விஷயமா? இந்த ஆர்லீதா செத்து எத்தனை வருஷம் இருக்கும்?"

ஆர்லீதா திரையை மேலே தள்ளிக்கொண்டே போனாள். உள்பாக்கெட் ஏற்றியிருந்த மூலத்தைத் தேடி எடுத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

இரைச்சல். அதற்குள் அப்பா. ஆல்டன் பேர் வந்தது, கேட்ரிஸ் பேர் வந்தது, தெருக்களின் பேர்கள் வந்தன. பிறகு குரல் நின்றது. அந்த இடைவெளியில் ஏதோ மரம் முனகியது. போய்த் திரும்பி வந்து மறுபடி போனது. பழுதான டேப்பில் அப்படி ஒரு நிதானம் இருக்காது.

"என் ஆர்லீதா," என்றார் அப்பா. இத்தனை நாள் கொஞ்சலாகக் கேட்ட அதே இரண்டு சொல். இப்போது அதில் அழுகை கேட்டது.

வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை விட்டது. அவள் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டாள்.

*

ஆல்டன் இப்போது அந்தக் கார் ஸ்டீரியோ கடைக்கே முதலாளி. சனிக்கிழமைக் கூட்டம், வாசலில் நாலு கார் கதவைத் திறந்துபோட்டு அதிர்ந்துகொண்டிருந்தது.

"வாடி ராசாத்தி," என்றார். "உன் புருஷன் கார்ல இன்னும் அந்தப் பொம்மை ஸ்பீக்கர்தானா? அவனை இழுத்துட்டு வா, மானத்தக் காப்பாத்தறேன்."

"சித்தப்பா, ஒண்ணு கேக்கணும். தனியா."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு போய்விட்டது. பின்கட்டில் வேலை முடிந்து நின்ற ஒரு கறுப்புக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவள் போனை இணைத்து, பேர் சொல்லும் இடத்துக்கு நகர்த்தினாள். பழைய கேசட் ஏதோ கிடைத்திருக்கிறது என்றுதான் அவர் நினைத்திருப்பார். அண்ணன் குரல் எழுந்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

ஆல்டன் பேர் வந்தது. கேட்ரிஸ் பேர் வந்தது. தெருக்கள் வந்தன. குரல் நின்றது.

மர முனகல் பெரிய ஸ்பீக்கர்களில் ஏறி, இருக்கைக்கு அடியிலிருந்து வருவது போலக் காரை நிறைத்தது. ஒரு தரம். இன்னொரு தரம். ஆல்டன் கையை நீட்டி அணைத்துவிட்டார்.

வெளியே யாரோ ஹாரன் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் நிறுத்தினீங்க?"

"போதும்."

"இன்னும் ஒரு பேரு இருக்கு. அது வர்றதுக்கு முன்னாடி நிறுத்திட்டீங்க. என்ன பேரு வரப்போகுதுன்னு உங்களுக்குத் தெரியும்."

ஐம்பது தாண்டிய மனுஷன், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி பேசுகிறவர், கிசுகிசுப்பாகக் கேட்டார்.

"இது எப்படிம்மா உன் கைக்கு வந்துச்சு?"

"யாரோ நெட்ல போட்டிருக்காங்க."

"போட முடியாது. நான்தான் பதிவு பண்ணேன். அன்னிக்கு பட்டன அமுக்கிட்டு, அங்க நிக்க முடியாம வாசலுக்குப் போயிட்டேன். இருந்தது அந்த ஒரே டேப். காப்பி எடுக்கறதுக்குள்ள அண்ணன் போயிட்டான். அடக்கத்தன்னிக்குக் காலைல உங்கம்மா வந்து கேட்டா. குடுத்துட்டேன். அதுக்கப்புறம் அத நான் கண்ணால பாக்கல."

"ஆர்லீதா யாரு சித்தப்பா?"

"நீதான்."

"நான் அப்ப பொறக்கல."

ஆல்டன் கதவைத் திறந்துவிட்டார். "உங்கம்மாகிட்ட கேளு. என்கிட்ட கேக்காத. சத்தியம் வாங்கியிருக்கா."

*

ஆரஞ்ச் மவுண்ட் பேட்டையில் இருந்த அம்மா வீட்டில் கேட்ரிஸ் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ஸ்பெகட்டி வெந்து பக்கத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை மிச்சமான மீனை வீணாக்க அவளுக்கு மனசு வராது.

"நிக்காத, உக்காரு. கால் வீங்கியிருக்கு பாரு. கென்யன் சாப்பிட்டானா? நேத்து போன்ல கூப்பிட்டு, பொண்ணு பொறந்தா வைக்கறதுக்கு நாலு பேரு சொல்றான். வெச்சுருன்னேன். பொறக்கறதுக்கு முன்னாடி பேரு எடுக்கக் கூடாதுன்னு எத்தன தரம் சொல்றது?"

இந்த ஆறு மாதமாக அம்மாவின் பாட்டு இதுதான். பேர் யோசிக்காதே, தொட்டில் வாங்காதே, சின்னச் சட்டை மடிக்காதே. வீட்டில் இருந்த பழைய ஆடும் நாற்காலி ஒன்றுக்குத்தான் விலக்கு. பேரப்பிள்ளையை மடியில் போட்டு ஆட்டுவதற்கென்று புது மெத்தை தைத்து அதை ஜன்னலோரம் போட்டிருந்தாள். வயசானவர்களின் வீண் பயம் என்று நேற்றுவரை ஆர்லீதா சிரித்தாள். இன்று சிரிப்பு வரவில்லை.

"அம்மா. என் பேரு யாரு பேரு?"

"எத்தன தரம் கேப்பே? அந்த நர்ஸ்..."

"செத்தவ பேரா?"

எண்ணெய் மட்டும் சடசடத்தது. கேட்ரிஸ் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஆல்டன் வாயத் தொறந்தானா?"

"சித்தப்பா ஒண்ணும் சொல்லல. அப்பா சொன்னாரு." ஆர்லீதா போனை எடுத்து மேஜையில் வைத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். டேப் வந்தது, டாக்டர் வெட்டியது, லாமர் லேடி கேட்டது. ஏற்றிய ஆளின் பேரை மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கேட்ரிஸ் நடந்துபோய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா," என்றாள். "பேரு அவரு வச்சது. நான் முழுகாம இருக்கேன்னு தெரிஞ்ச அன்னிக்கே வச்சுட்டாரு. வயித்துகிட்ட குனிஞ்சு அந்தப் பேரச் சொல்லிச் சொல்லிப் பேசுவாரு. பொறந்து ஒரு மாசம்கூட முழுசா இருக்கல. ஒரு காலைல தொட்டில்ல எழுப்பப் போனேன். எழுந்திருக்கல."

ஆர்லீதா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"எங்க ஊரு கோல்ட்வாட்டர்ல, சர்ச்சுக்குப் பின்னாடி பொதச்சோம். அப்புறம் நீ வயித்துல வந்தே. அப்புறம் அவரு போனாரு. உன்னப் பெத்து கையில குடுத்தப்போ எனக்கு யாரும் இல்ல. அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. வச்சுட்டேன்."

"அப்போ நர்ஸ்?"

"அப்படி யாரும் இல்ல."

அழுகையை விடக் கோபம்தான் முதலில் வந்தது. "இத்தன வருஷம் நீ யாரக் கூப்பிட்டே? நான் ஓடி ஓடி வந்தேன். யாரக் கூப்பிட்டே?"

"ரெண்டு பேரையும்," என்றாள் கேட்ரிஸ். பொய் சொல்லிப் பழகிய விஷயத்தில் அவளுக்கு உண்மை சொல்ல அதற்கு மேல் தெரியவில்லை.

ஆர்லீதாவுக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. ஸ்கூலில் முதல் வகுப்பு. கலர் காகிதம் வெட்டி, பசை போட்டு, அந்த நர்ஸுக்கு ஒரு கார்டு செய்தாள். 'உங்க பேரை எனக்குக் குடுத்ததுக்கு நன்றி' என்று கோணல்மாணலாக எழுதினாள். தபாலில் போட்டுவிடுவதாக அம்மா வாங்கிக்கொண்டாள்.

"அந்தக் கார்டு. தூக்கிப் போட்டுட்டியா?"

"அதெப்படிப் போடுவேன்? கோல்ட்வாட்டர் போய் அவகிட்ட வச்சுட்டு வந்தேன். அவளுக்குத்தானே நீ எழுதினே?"

ஆர்லீதா உட்கார்ந்த இடத்திலேயே உடைந்து அழுதாள். தனக்கு ஒரு அக்கா இருந்திருக்கிறாள். தனக்கே தெரியாமல் அவளுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். அந்த ஒன்றுதான் அன்று முழுக்க அவளுக்குக் கிடைத்த ஆறுதல்.

மீன் ஆறிப்போனது. யாரும் தொடவில்லை.

"அத நான் கேக்கணும்," என்றாள் கேட்ரிஸ்.

ஹெட்போனை அம்மாவின் காதில் ஆர்லீதாவே மாட்டிவிட்டாள். கேட்ரிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். தன் பேர் வந்தபோது உதடு துடித்தது. இடைவெளி வந்ததை அவள் முகத்திலிருந்தே தெரிந்துகொள்ள முடிந்தது.

அவளை அறியாமலே கால் தரையை உந்தியது. நாற்காலி முனகியது. போய்த் திரும்பி வந்து மறுபடி போனது. காலையில் கேட்ட அதே சத்தம், அதே நிதானம்.

"இந்த நாற்காலிதான்," என்றாள் கேட்ரிஸ், கண்ணைத் திறக்காமல். "நான் இதுல உக்காந்து அழுதுகிட்டு இருந்தேன். நான் அடங்கட்டும்னு அவரு மைக்க வச்சுகிட்டுக் காத்துகிட்டு இருந்தாரு."

ஹெட்போனை மெல்லக் கழற்றினாள். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"இத யாரு போட்டது?"

"தெரியலம்மா. நீதான் சித்தப்பாகிட்ட வாங்கிட்டுப் போனே. அதுக்கப்புறம் யாருகிட்ட குடுத்தே?"

"யாருகிட்டயும் குடுக்கல. அதக் கேக்கவும் முடியல, தூக்கிப் போடவும் முடியல. பிள்ளை பேரு அதுல இருக்கு. அவருகூடவே போகட்டும்னு பொட்டிக்குள்ள வச்சுட்டேன்."

"எந்தப் பொட்டிம்மா?"

"வேற எந்தப் பொட்டி? சாம்பல் கலர் கோட்டு போட்டுப் படுக்க வச்சிருந்தாங்க. மூடறதுக்கு முன்னாடி கோட்டோட உள்பாக்கெட்ல சொருகி, மேல கைய வச்சு அழுத்திப் பாத்தேன், விழுந்துடாம இருக்கான்னு. ஆல்டனுக்குக்கூடத் தெரியாது."

அம்மாவிடம் எதைச் சொல்லாமல் விட்டாள் என்பது அந்த நிமிஷம்தான் ஆர்லீதாவுக்கு உறைத்தது.

மேஜையில் போன் அதிர்ந்தது. குழுவில் அல்ல, தனிச் செய்தி. ரிவைண்டுக்கு உள்பாக்கெட் எழுதிய முதல் செய்தி.

'அந்த நாற்காலி இன்னும் இருக்கா?'

கேட்ரிஸ் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். வேண்டாம் என்று தடுக்க ஆர்லீதாவுக்குக் கை எழவில்லை. அம்மா முதலில் அனுப்பியவர் பேரைப் படித்தாள். பிறகு செய்தியைப் படித்தாள்.

அவள் கத்தவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து மெல்ல எழுந்தாள். புது மெத்தையை ஒரு தட்டுத் தட்டிச் சரி செய்தாள். உட்கார வேண்டியவருக்கு இடம் விட்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.